கிரேக்கத்துக்காக வாங்கிய வளையல்கள்

கிரேக்கத்தில் வங்கிகளை மூடிவிட்டார்கள் என்ற செய்தியை வெஸ்ட்மீட் ரயில் நிலையத்தில் நின்றுகொண்டு போனில் படித்தேன். கூடவே ஒரு படம். ஏ.டி.எம். வாசலில் நீண்ட வரிசை, ஆளுக்கு ஒரு நாளைக்கு அறுபது யூரோதான் என்று கட்டுப்பாடு. வரிசையில் மூன்றாவதாக நின்ற ஆளுக்கு என்னைப் போலவே முன்வழுக்கை, என்னைப் போலவே தொப்பை, என்னைப் போலவே சட்டைப்பையில் இரண்டு பேனா. அவ்வளவுதான், எனக்கு வியர்த்துவிட்டது. சிட்னியில் அப்போது நல்ல குளிர்காலம். பக்கத்தில் நின்றவர்கள் பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. நான் மட்டும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

என் தொழிலைச் சொன்னால் சிரிப்பீர்கள். பெரிய கட்டடங்களில் தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் நெரிசலில்லாமல் எப்படி வெளியேறுவது என்று கணக்குப் போட்டுக் கொடுப்பவன் நான். எத்தனை கதவு, எவ்வளவு அகலம், எத்தனை நிமிடம். அலுவலகம் அலுவலகமாகப் போய், "பதறாதீர்கள், ஓடாதீர்கள், பொருள்களை அப்படியே விட்டுவிட்டு நடந்து வாருங்கள்" என்று வகுப்பும் எடுப்பேன். எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடினால் எந்தக் கதவும் போதாது. வங்கியும் அப்படித்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வது? பயம் உள்ளே வந்ததும் முதலில் வெளியே ஓடுவது படித்த படிப்புதான்.

என் பயத்துக்கு ஒரு விலாசம் இருந்தது. டூங்கபியில், ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில், ஒரு பழைய செங்கல் வீடு. எட்டு வருடம் வெஸ்ட்மீட்டில் வாடகை பிளாட்டில் இருந்துகொண்டு, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் என் மனைவி ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் எல்லாம் கேட்டு வாங்கிப் பார்த்துச் சேர்த்த பணம், அந்த வீட்டின் விலையில் சரியாகப் பத்து சதவீதம் வந்திருந்தது. முன்பணம் கொடுத்தால் மீதிக்கு வங்கி கடன் தரும். இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டோம். இரண்டாவது தடவை அவள் சமையலறை ஜன்னல் அருகே நின்று, இல்லாத பாத்திரத்தைத் தேய்ப்பதுபோல் கையை ஆட்டிப் பார்த்தாள். அந்த வீடு கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் ஐரோப்பாவை விளக்கினேன்.

"நான் இந்த ஊருக்கு வந்த புதுசுல அஞ்சு பேச்சலர்ஸ் ஒரு வீட்டுல இருந்தோமில்ல? ஒரே உண்டியல், ஒரே அரிசி மூட்டை. ஒருத்தன் வாரம் மூணு நாள் ஆட்டுக்கறி வாங்குவான். ஒருத்தன் தயிர்சாதத்தோட சரி. கறி வாங்குறவன் பணம் போடலைன்னா அவன் மட்டும் தனியா ஒரு நோட்டு அடிச்சுக்க முடியாது. உண்டியல் பொது. அதான் யூரோ."

"நீங்க அதுல யாரு?" என்றாள் மனைவி.

"அது இப்ப எதுக்கு?"

"கறி வாங்குனது நீங்கதான?"

ஒன்பதாம் வகுப்பில் காமர்ஸ் படிக்கும் மகள் போனிலிருந்து தலை தூக்கினாள். "அப்பா, டெபாசிட்டுக்கு இங்க கவர்ன்மென்ட் கேரன்டி இருக்கு. இட்ஸ் ஃபைன்."

"கவர்ன்மென்டுக்கு யார் கேரன்டி? கிரீஸ்லயும் கவர்ன்மென்ட்தான் இருந்துச்சு. அந்த கவர்ன்மென்ட் பேங்க் மேல சாஞ்சுது, பேங்க் கவர்ன்மென்ட் மேல சாஞ்சுது. ரெண்டு குடிகாரங்க தோள்ல கை போட்டு நடக்குற மாதிரி."

"அப்பா, இப்ப நீதான் அந்த பேங்க் ரன்," என்றுவிட்டு அவள் அறைக்குப் போய்விட்டாள். எல்லோரும் ஒரே சமயத்தில் பணம் எடுக்க ஓடுவதற்கு அவள் பாடப் புத்தகத்தில் அந்தப் பெயர். மனைவி தட்டுகளை எடுத்தாள். அந்த மேஜையில் யூரோ பிரதேசத்துக்காகக் கவலைப்பட நான் ஒருவன்தான் மிச்சம்.

எங்களுக்கு நேர் மேல் மாடியில், இலங்கைப் போரில் தப்பி வந்த மன்னார்க்காரர் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஞாயிறு தவறாமல் கோயில் பாடல் குழுவில் பாடுகிறவர். நாங்கள் கோயில் என்றால் ஒன்று, அவர் கோயில் என்றால் தேவாலயம். மறுநாள் மாலை துணி உலர்த்தும் இடத்தில் அவரைப் பிடித்து, வங்கி மூடினால் என்ன செய்வது என்று கேட்டேன். மனிதர் ஈரச் சட்டையை உதறிக்கொண்டே சிரித்தார்.

"அதை எங்களிட்ட எல்லோ கேக்கவேணும் தம்பி. நாங்கள் ஊரை விட்டு ஓடேக்க வங்கிப் புத்தகத்தைக் கொண்டு ஓடினவன் இண்டைக்கும் அந்தப் புத்தகத்தை வச்சிருக்கிறான். மனுசியின்ர காப்பைக் கொண்டு ஓடினவன் அடுத்த கிழமை சாப்பிட்டவன்."

காப்பு என்று அவர் சொன்னது வளையலை, கிழமை என்றது வாரத்தை. அவர் தன் வாழ்க்கையைச் சொன்னார். நான் அதை முதலீட்டு ஆலோசனையாகக் கேட்டுக்கொண்டேன். படி இறங்கி வீட்டுக்கு வருவதற்குள் முடிவு எடுத்தாகிவிட்டது.

"நகை வாங்கலாமா?" என்றேன்.

மனைவி அருகில் வந்து புறங்கையால் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கல்யாணமான பதினெட்டு வருடத்தில் என் வாயிலிருந்து அந்த வாக்கியம் வந்ததில்லை.

"காய்ச்சல் இல்லையே. எதுக்கு நகை?"

"வீட்டு டெபாசிட்ட பேங்க்ல வெச்சிருந்தா ஆபத்து. பாதியையாவது தங்கமா மாத்திருவோம். வீடு முடிய எப்படியும் ரெண்டு மூணு மாசம் ஆகும். அப்ப வித்துக்கலாம்." பாதி என்று சொன்னதைக் கவனிக்க வேண்டும். பதறுவதிலும் நான் நிதானமானவன்.

"ஏங்க, பேங்க் விழுந்துடும்னா மீதி லோன் யாரு குடுப்பா?"

இது நல்ல கேள்வி என்பது எனக்கு இப்போது தெரிகிறது. அன்றைக்கு நான், "நீ எல்லாத்துக்கும் குறுக்க பேசுவ," என்றேன். தங்கம் வாங்கலாம் என்று தானாக வந்து நிற்கிற புருஷனை எவ்வளவு நேரம்தான் அவளால் தடுக்க முடியும்?

புதன்கிழமை அரைநாள் லீவு போட்டு நகைக்கடைக்குப் போனோம். கட்டியாக வாங்கலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "கட்டிய வெச்சு என்ன பண்றது, பறக்குற பேப்பர் மேல வைக்கவா?" என்று கேட்டுவிட்டு அவள் வளையல் தட்டை இழுத்துக்கொண்டாள். கனமான இருபத்துநாலு வளையல். பில்லில் தங்கத்தின் விலைக்குக் கீழே செய்கூலி, சேதாரம், அதன் மேல் வரி என்று மூன்று வரிகள் இருந்தன. நகை செய்யும்போது தூளாகப் போகிற தங்கத்துக்கும் நாம்தான் பணம் கட்ட வேண்டும், அதற்குப் பெயர் சேதாரம் என்பது பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்த மூன்று வரிகளும் கண்ணில் படவில்லை. ஏதென்ஸில் வரிசையில் மூன்றாவதாக நிற்கிற ஆள்தான் கண்ணுக்குள் நின்றார். அவர் கையில் வளையல் இல்லை, பாவம்.

வீட்டுக்கு வந்த பிறகு அடுத்த பயம் வந்தது. பிளாட்டில் இவ்வளவு தங்கத்தை எங்கே வைப்பது? வங்கி லாக்கர் என்றாள் மனைவி. வங்கிக்குப் பயந்து வாங்கியதை வங்கியிலேயே வைப்பதா என்று நான் சீறினேன். கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். வீட்டில் இருக்கும்போது, கைக்குப் பன்னிரண்டாக அவள் போட்டுக்கொள்வாள், மேலே முழுக்கைக் கம்பளிச் சட்டை. ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள் கையில் வளையல் போடக் கூடாது என்பதால், அவளுக்கு டியூட்டி இருக்கும் நாளில் வளையல்கள் என் பொறுப்பு. எவர்சில்வர் சாப்பாட்டு டப்பாவில் துணி சுற்றி அடுக்கி, அலுவலகத்துக்குக் கொண்டுபோய் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டுவேன்.

வியாழக்கிழமை யாரோ ரொட்டியைக் கருக்கிவிட, எங்கள் அலுவலகத்தில் அலாரம் அடித்தது. மாடிக்குப் பொறுப்பாளர் நான். மஞ்சள் தொப்பியை மாட்டிக்கொண்டு, "எதையும் எடுக்காதீர்கள், நடங்கள், நடங்கள்" என்று நாற்பது பேரைப் படியில் இறக்கினேன். மூன்றாவது மாடித் திருப்பத்தில் எனக்கு டப்பா ஞாபகம் வந்தது. திரும்பி, இறங்கிவருகிற நாற்பது பேருக்கும் எதிராக, தோளால் இடித்துக்கொண்டு மேலே ஓடினேன். பிறகு மைதானத்தில் எல்லோரும் தலை எண்ணுவதற்காகக் காத்திருக்க, மஞ்சள் தொப்பியோடும் மார்போடு அணைத்த டப்பாவோடும் கடைசியாக வந்து சேர்ந்தேன்.

மேலாளர் டப்பாவையே பார்த்தார். "அதில் என்ன?"

"எலுமிச்சை சாதம்."

"ரொம்ப நல்ல சாதமாக இருக்க வேண்டும்," என்றார்.

"பொறுப்பாளர் ஒருவர் விதியை மீறிக் கட்டடத்துக்குள் திரும்பினார்" என்று அன்றைய அறிக்கையில் எழுத வேண்டியிருந்தது. அறிக்கை எழுதுகிற வேலையும் என்னுடையதுதான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டு ஏஜென்ட் போன் செய்தார். வீட்டுக்காரருக்கு ஏலம் எல்லாம் பிடிக்காதாம். வாங்குகிறவர் முகத்தைப் பார்த்துத்தான் விற்பாராம். நாளைக் காலை காபிக்கு வரச் சொல்கிறார், பிடித்துப்போனால் உடனே கையெழுத்து, முன்பணத்தோடு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு வேறொரு குடும்பம் காத்திருக்கிறது.

"இவ்வளவு அவசரமாகவா?" என்றேன்.

"அவர் கிரேக்கர். ஊரில் தம்பிக்கு ஏதோ சிரமமாம்," என்றார் ஏஜென்ட்.

எனக்கு அலுவலக நாற்காலி சுற்றாமலேயே தலை சுற்றியது. நேரே ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய், டியூட்டி முடிந்து வந்த மனைவியை ஏற்றிக்கொண்டு நகைக்கடைக்குக் காரை விட்டேன். கடைக்காரர் வளையல்களைத் தராசில் வைத்தார். கால்குலேட்டரைத் தட்டி எங்கள் பக்கம் திருப்பினார். கொடுத்ததில் ஐந்தில் ஒரு பங்கு காணோம்.

"செய்கூலி, சேதாரம், வரி, இது மூணும் திரும்பாது சார். பழைய நகைக்கு இதுதான் ரேட்."

"புதன்கிழமை வாங்கினது!"

"அதான் சார், மூணு நாள் பழசு."

அந்த வாரம் முழுக்க நான் செய்தியில் தேடித் தேடிப் பயந்தது, வங்கியில் போட்டவர்கள் பணத்தில் ஒரு பங்கை வெட்டிவிடுவார்கள் என்பதைத்தான். சைப்ரஸில் பெரிய தொகை போட்டவர்களுக்கு முன்பு அப்படி நடந்தது. ஆனால் அங்கே அதைச் செய்ய அமைச்சர்கள் விடிய விடியக் கூட்டம் போட வேண்டியிருந்தது. எனக்கு எந்தக் கூட்டமும் தேவைப்படவில்லை. அரைநாள் லீவில் என் பணத்தை நானே வெட்டிக்கொண்டேன்.

கடைக்காரர் கை நீட்டினார். மனைவி வளையல்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இந்த ரேட்டுக்கு நான் குடுக்க மாட்டேன்."

"அப்ப வீடு?"

"பாதி பணம் இருக்குல்ல? அதோட போவோம். அவர்கிட்ட கேட்டுப் பார்ப்போம்."

வீடு திரும்பும் வழியில் அவள், டூங்கபிப் பக்கம் திரும்பும் சாலை வந்தபோது ஜன்னல் வழியே ஒரு தரம் பார்த்தாள். நான் அதற்கு மேல் ஜோக் அடிக்கவில்லை. எனக்கே அது அபூர்வம்.

படிக்கட்டில் மன்னார்க்காரர் எதிரே வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"விசரே உமக்கு? நான் ஷெல்லடிக்கு ஓடின கதை சொன்னனான். நீர் அதைக் கேட்டிட்டு நகைக்கடைக்குப் போனீரோ?" என்று தலையில் கை வைத்துக்கொண்டவர், பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்டும் யோசியாதேயும். நாளைக்கு உள்ளதை உள்ளபடி சொல்லும். பொய் சொன்னா உமக்கு முகத்தில தெரியும்."

சனிக்கிழமை காலை. வீட்டுக்காரர் எழுபது தாண்டியவர், அகலமான ஆள். அவர் மனைவி சின்னக் கோப்பைகளில் கரிய காபியும், சர்க்கரைப் பொடி தூவிய பிஸ்கட்டும் வைத்தார். ஏஜென்ட் ஓரத்தில் கோப்புடன் உட்கார்ந்திருந்தார். நான் ராத்திரி ஒத்திகை பார்த்த பேச்சைத் தொடங்கினேன். இப்போதைக்கு ஐந்து சதவீதம்தான் தர முடிகிறது, சில எதிர்பாராத குடும்பச் செலவுகள்...

அந்த நேரம் பார்த்து மனைவி காபிக் கோப்பையை எடுக்கக் கையை நீட்டினாள். கம்பளிச் சட்டைக்குள்ளிருந்து ஜல் என்று ஒரு சத்தம். பெரியவர் அவள் கையைப் பார்த்தார். அவள் கோப்பையை வைத்தாள். இன்னொரு ஜல். பெரியவரின் மனைவி எழுந்து வந்து, சட்டைக்கையை இரண்டு விரலால் மெதுவாக மேலே தள்ளினார். பன்னிரண்டு வளையலும் வரிசையாகத் தெரிந்தன. மற்ற கையையும் காட்டச் சொன்னார்.

"பணம் இல்லை என்றீர்கள்," என்றார் பெரியவர்.

மன்னார்க்காரர் சொன்னபடி உள்ளதைச் சொல்லிவிட்டேன். ரயில் நிலையம், அறுபது யூரோ, வழுக்கை ஆள், தங்கம், சாப்பாட்டு டப்பா, மூன்று நாள் பழசு, எல்லாம். கிரேக்கத்து வங்கிகளுக்குப் பயந்தேன் என்று ஒரு கிரேக்கரின் வீட்டில், அவருடைய பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வது லேசான காரியம் இல்லை.

பெரியவர் தன் மனைவிக்கு அதைக் கிரேக்க மொழியில் சொன்னார். ஓர் இடத்தில் அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். டப்பா வந்த இடமாக இருக்கும்.

"என் தம்பி அங்கே தினமும் அந்த வரிசையில் நிற்கிறான். பென்ஷனைக் குறைத்துவிட்டார்கள், முழங்கால் வலி வேறு," என்றார் பெரியவர். "நேற்று போனில் என்ன சொன்னான் தெரியுமா? வரிசையில் நல்ல பேச்சுத்துணை கிடைக்கிறதாம். அவனே பயப்படவில்லை. நீங்கள் எதற்காக ஐயா பயந்தீர்கள்?"

"அவருக்குப் பதிலாக யாராவது பயப்பட வேண்டாமா?" என்றேன்.

மேஜையைத் தட்டிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் வியாபாரி முகமாக மாறிவிட்டது. முன்பணம் ஐந்து சதவீதம் போதும். ஆனால் விலையில் ஒரு டாலர்கூடக் குறைக்க மாட்டார். எங்கள் பேர உத்திகளை நான் ஒரு வாரமாக ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். அந்தத் தாள் சட்டைப்பையிலேயே இருந்துவிட்டது. மனைவி என்னைக் கேட்காமலேயே, "சரி" என்றாள். ஜல் என்று கையெழுத்துப் போட்டாள்.

மீதியை ஆறு வாரத்துக்குள் புரட்ட வேண்டும். கடன் கொடுக்கும் வங்கி, நான் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடிய அதே வங்கிதான். அங்கிருந்த பெண் எங்கள் கணக்கைப் பார்த்துவிட்டு, "போன வாரம் நகைக்கடையில் பெரிய செலவு. ஏதாவது விசேஷமா?" என்று கனிவாகக் கேட்டார்.

"கிரேக்கத்தில்," என்றேன். மனைவி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

வளையலை விற்பதா என்று நாங்கள் மறுபடி விவாதிக்கவே இல்லை. சேதாரம் அவளுடையது இல்லை, என்னுடையது என்று வீட்டில் ஏகமனதாகத் தீர்மானம் ஆகியிருந்தது. மகளும் கை தூக்கினாள். ஆகவே என் கார் போயிற்று. வாங்கி ஒரு வருடம் ஆன நீலக் கார், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மட்டும் கழுவுகிற கார். வாங்கியவர் குவேக்கர்ஸ் ஹில்லிலிருந்து வந்த இளைஞர், சக்கரத்தை உதைத்துப் பார்த்தார். எனக்கு நெஞ்சில் பட்டது. அந்தப் பணமும், மன்னார்க்காரர் "வட்டி எண்டு சொன்னீரோ, உம்மோட கதைக்க மாட்டன்" என்று சொல்லிக் கையில் திணித்த ஒரு தொகையும் சேர்ந்து கணக்கை நேர் செய்தன.

வீடு கைமாறிய நாளன்று பத்து மணிக்குப் போனில் கணக்கைத் திறந்து பார்த்தேன். எட்டு வருடச் சேமிப்பு இருந்த இடத்தில் நூற்றுச் சொச்சம் டாலர் இருந்தது. அதிலிருந்து ரயில் அட்டைகளுக்குக் கொஞ்சம் போட்டுவிட்டு, நானும் மனைவியும் டூங்கபிக்கு ரயில் ஏறினோம்.

சாவியை ஏஜென்ட் கையில் கொடுக்கப் பெரியவருக்கு மனம் வரவில்லை. வாசலில் அவரே நின்றார். மெல்போர்னில் மகள் வீட்டுப் பக்கம் சின்ன பிளாட் பார்த்திருக்கிறாராம். குளியலறைக் குழாயை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், எலுமிச்சை மரத்தை எந்த மாதம் வெட்ட வேண்டும் என்று சொன்னார். எனக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது.

"பணத்தை ஊருக்கு அனுப்பிவிடுவீர்களா?"

"தம்பிக்கு மாதாமாதம் கொஞ்சம். மிச்சம் இங்கேதான். எனக்கென்ன பைத்தியமா?"

"எந்த வங்கியில்?"

சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். எங்கள் வங்கி. காலையில் என் கடனாக அங்கிருந்து கிளம்பிய பணம், ஓர் ஊர்வலம் போய்விட்டு, அவர் சேமிப்பாக அங்கேயே திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டது. இனி அந்த வங்கிக்கு ஏதாவது ஆனால் தூக்கம் கெட வேண்டியது அவருக்கு. என் பணம் அங்கே ஒன்றுமில்லை, அவர்கள் பணம்தான் முப்பது வருடத்துக்கு என்னிடம் இருக்கிறது. அதை அவரிடம் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் மனிதர் நேரே நகைக்கடைக்குப் போய்விடுவாரோ என்று விட்டுவிட்டேன்.

உள்ளேயிருந்து மனைவியின் குரல் கேட்டது. "ஏங்க, அவர அங்கேயே நிக்க வெச்சுப் பேசிட்டிருக்கீங்க? உள்ள கூட்டிட்டு வாங்க. நம்ம வீட்டுல முதல் காபி, அவரும் குடிச்சுட்டுப் போகட்டும்."